காதால் பார்த்த சினிமா

எங்கள் ஊரில் 'விதி' படத்தைத் தியேட்டருக்குப் போய்ப் பார்த்தவர்கள் குறைவு. ஆனால் அதன் கோர்ட் வசனம் தெரியாதவர்கள் கிடையாது. 1984-ல் படம் வந்தது. அதற்கப்புறம் இரண்டு மூன்று வருஷம், காதுகுத்தோ சடங்கு வீடோ, மத்தியானப் பந்தி முடிந்து ஆட்கள் வேப்பமர நிழலில் சாய்கிற நேரம் பார்த்து மைக்செட்காரர் பாட்டை நிறுத்திவிட்டு அந்தக் கேசட்டைப் போடுவார். குழாய் ஸ்பீக்கரில் பூர்ணிமா கூண்டில் ஏறுவார், ஜெய்சங்கர் மடக்கி மடக்கிக் கேட்பார், சுஜாதா எழுந்து பதில் கொடுப்பார். கிழவிகள் வெற்றிலை இடிப்பதை நிறுத்திவிடுவார்கள்.

காதலித்துக் கைவிட்டவன் மேல் ஒரு பெண் தானே வழக்குப் போடுகிறாள். தனக்கு நடந்ததை ஊர் முன்னால் வைத்து நியாயம் கேட்கிறாள். அதுதான் கதை. சொந்தத் தெருவில் அப்படி ஒன்று நடந்திருந்தால் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு குசுகுசுவென்று பேசியிருக்கக்கூடிய பெண்கள், அதை நாலு தெருவுக்குக் கேட்கிற சத்தத்தில் உட்கார்ந்து கேட்டார்கள். ஆரூர்தாஸ் எழுதிய வசனம். இன்றைக்கும் எனக்கு அந்தப் படத்தின் காட்சி ஒன்றுகூடக் கண்ணில் வரவில்லை. குரல்கள் மட்டும் வரிசை மாறாமல் வருகின்றன.

சினிமா சமூகத்தை எப்படி மாற்றியது என்று பேச ஆரம்பித்தால் எல்லோரும் முதலில் திரையைத்தான் கைகாட்டுவார்கள். முடிவெட்டு, சட்டை, சண்டை, சிகரெட். அதெல்லாம் உண்மைதான். பாகவதர் கிராப் என்று ஒரு தலைமுறை முடி வளர்த்தது. 1985-ல் 'பூவே பூச்சூடவா' வந்ததும் நதியா கம்மல், நதியா பொட்டு என்று கடையில் பெயர் சொல்லி வாங்கினார்கள். இட்லிக்கே குஷ்பு பெயரை வைத்த ஊர் இது. ஆனால் கம்மல் அடுத்த தீபாவளிக்குள் மாறிவிடும். தமிழர்களிடம் சினிமா நின்று வேலை செய்தது காது வழியாகத்தான் என்பது என் கணிப்பு.

காரணம் எளிது. 1951 மக்கள்தொகைக் கணக்குப்படி இங்கே ஐந்தில் ஒருவருக்குத்தான் எழுதப் படிக்கத் தெரியும். பத்திரிகையும் புத்தகமும் மற்ற நாலு பேருக்குத் தாமாக எட்டாது, யாராவது வாசித்துக் காட்ட வேண்டும். படத்தையும் ஒருமுறை, மிஞ்சினால் இரண்டு முறை பார்க்கலாம். டூரிங் டாக்கீஸ் கொட்டகையைப் பிரித்துக்கொண்டு அடுத்த ஊருக்குப் போய்விடும், படமும் அதோடு போய்விடும். குரல் போகாது. அது பாட்டுப் புத்தகமாக, இசைத்தட்டாக, கல்யாண வீட்டு ஒலிபெருக்கியாக, ரேடியோவாக ஊரிலேயே தங்கிவிடும். எழுத்துத் தெரிந்த பையன் ஒருவன் பாட்டுப் புத்தகத்தை வைத்துக்கொண்டு திண்ணையில் உட்கார்ந்தால் தெருவே கூடிவிடும்.

பேசும்படத்தின் பிறப்பிலேயே இது தெரிகிறது. 1931-ல் வந்த 'காளிதாஸ்' தமிழின் முதல் பேசும்படம் என்று சொன்னாலும் அதில் தமிழும் தெலுங்கும் கலந்து கிடந்தன. கதைக்குச் சம்பந்தமே இல்லாமல் காந்தியின் ராட்டினத்தைப் பற்றி ஒரு பாட்டும் இருந்தது. ஒரு சம்ஸ்கிருதக் கவிஞனின் கதையில் ராட்டினம் எப்படி வந்தது என்று யாரும் கேட்கவில்லை. ஜனங்கள் கதை பார்க்க மட்டும் வரவில்லை, கேட்கவும் வந்தார்கள் என்பது படம் எடுத்தவர்களுக்குத் தெரிந்திருந்தது.

அடுத்த பத்து வருஷம் பாட்டின் காலம். ஈழத்து அறிஞர் கா. சிவத்தம்பி சொன்ன ஒன்று இந்த இடத்தில் முக்கியம். தமிழர்கள் எல்லோரும் ஒரே கூரையின் கீழ் உட்கார்ந்த முதல் அரங்கம் சினிமாக் கொட்டகைதான், அங்கே இடத்தைத் தீர்மானித்தது பிறப்பு அல்ல, கையிலிருந்த காசு என்றார் அவர். தரை, பெஞ்சு, நாற்காலி என்று அங்கேயும் பிரிவு இருந்தது. ஆனால் தரை டிக்கெட்டுக்கும் நாற்காலிக்கும் ஒரே பாட்டுத்தான் கேட்டது. 1944-ல் வந்த 'ஹரிதாஸ்' சென்னை பிராட்வே தியேட்டரில் மூன்று தீபாவளிகளைப் பார்த்தது. பாபநாசம் சிவன் எழுதியதை எம்.கே. தியாகராஜ பாகவதர் பாடினார். சபா வாசலை மிதிக்க வழியில்லாதவர்கள் காதுக்கு ராகங்கள் போய்ச் சேர்ந்தது அந்தத் தொண்டை வழியாகத்தான். ராகத்தின் பெயர் தெரியாமலே அதை முணுமுணுத்துக்கொண்டு ஏற்றம் இறைத்தவர்கள் உண்டு.

பாட்டிலிருந்து பேச்சுக்கு மாறியது அதற்குப் பிறகு. 1930-களின் கடைசியிலேயே இளங்கோவன் வசனத்துக்கு ஒரு நடை கொடுத்திருந்தார். அதை அரசியல் மேடைக்குக் கொண்டுபோனவர்கள் திராவிட இயக்கத்துக்காரர்கள். 1949-ல் அண்ணாதுரையின் 'வேலைக்காரி', 1952 தீபாவளிக்கு மு. கருணாநிதி வசனத்தில் 'பராசக்தி'. இரண்டிலும் கோர்ட் காட்சி உண்டு. யோசித்துப் பார்த்தால் 'விதி' வரைக்கும் தமிழனுக்குக் கோர்ட் மேல் தீராத ஆசை. நிஜ கோர்ட்டில் வக்கீல் பேசுவது இவனுக்குப் புரியாது, இவன் பேச வாய்ப்பும் கிடைக்காது. சினிமாக் கோர்ட்டில் கைதிக் கூண்டில் நிற்கிறவன் பத்து நிமிஷம் தடையில்லாமல், அதுவும் அடுக்குமொழியில் பேசலாம், நீதிபதி வாயைத் திறக்காமல் கேட்டுக்கொண்டிருப்பார். இதைவிடப் பெரிய கனவு என்ன இருக்க முடியும்?

'பராசக்தி'யில் கோயிலும் பூசாரியும் வருகிற காட்சிகளுக்காகத் தடை கேட்டுக் குரல் எழுந்தது. படம் ஓடியது. வசனம் தனியாக இசைத்தட்டாகவே வந்தது. நடிக்க வாய்ப்புக் கேட்டுக் கோடம்பாக்கம் வந்தவர்கள் ரொம்ப காலத்துக்குச் சிவாஜியின் அந்தக் கோர்ட் பேச்சைத்தான் ஒப்பித்துக் காட்டினார்கள். பள்ளிக்கூட ஆண்டு விழாவிலும் அதுதான். ஒரு கட்சியின் கருத்து, கட்சிப் பெயர் இல்லாமல், காங்கிரஸ்காரர் வீட்டுப் பையன் வாயிலும் ஏறி உட்கார்ந்தது.

அதனால்தான் ஆட்சி மாறியது என்று ஒரே தாவாகத் தாவக்கூடாது. 1967-லிருந்து 2016 வரை, இடைக்கால ஏற்பாடுகளையும் குடியரசுத் தலைவர் ஆட்சியையும் தள்ளிவிட்டால், தமிழ்நாட்டு முதலமைச்சர்கள் எல்லோரும் சினிமாவோடு தொடர்புடையவர்கள். அது நிஜம். ஆனால் தி.மு.க.வுக்குப் படிப்பகங்கள் இருந்தன, சலூனிலும் டீக்கடையிலும் கிடந்த பத்திரிகைகள் இருந்தன, ஊர் ஊராகக் கூட்டங்கள் இருந்தன, இந்தி எதிர்ப்புப் போராட்டம் இருந்தது. சினிமா மட்டும் போதும் என்றால் அந்த வசனங்களைப் பேசிய சிவாஜி கணேசனே ஆட்சிக்கு வந்திருக்க வேண்டும். அவர் 1988-ல் சொந்தக் கட்சி தொடங்கி, 1989 தேர்தலில் திருவையாற்றில் நின்று தோற்றார். வசனத்தை மனப்பாடமாகச் சொன்னவர்கள் ஓட்டை வேறு பக்கம் போட்டார்கள். ஜனங்களுக்கு விவரம் இருந்தது.

எம்.ஜி.ஆர். விஷயத்தில் என் காதுக் கணக்கு கொஞ்சம் இடிக்கத்தான் செய்கிறது. அவருடைய பலம் வசனம் அல்ல, பாட்டு. கூட்டம் தொடங்குமுன் மேடைக் குழாயில் போடுகிற பாட்டு. எம்.ஜி.ஆர். பாட்டு என்று நாம் சொல்வதை எழுதியவர் பட்டுக்கோட்டை கல்யாணசுந்தரமோ வாலியோ கண்ணதாசனோ, பாடியவர் பெரும்பாலும் டி.எம். சௌந்தரராஜன். 1958-ல் 'நாடோடி மன்னன்' படத்தில் தூங்காதே தம்பி என்று புத்தி சொன்னது பட்டுக்கோட்டையின் சொல், டி.எம்.எஸ்ஸின் குரல். கேட்டவர்கள் அதை வாத்தியார் சொன்னதாகவே எடுத்துக்கொண்டார்கள். இதுவரை சரி. ஆனால் 1967 ஜனவரி 12 அன்று எம்.ஆர். ராதா சுட்டபோது குண்டு கழுத்தில் பாய்ந்தது. கழுத்தில் கட்டோடு அவர் இருந்த படம் போஸ்டராகத் தமிழ்நாடு முழுக்கச் சுவரில் ஏறியது. பிரசாரத்துக்கே போகாமல் பரங்கிமலைத் தொகுதியில் ஜெயித்தார். அந்தத் தேர்தலில் பேசியது குரல் அல்ல, படம். அதற்கப்புறம் அவர் குரல் பழையபடி திரும்பவே இல்லை. வேறு ஒருவரை வைத்துக் குரல் கொடுக்காமல் அந்தக் கம்மிய குரலிலேயே பேசினார். வேறு நடிகருக்கு அதோடு கதை முடிந்திருக்கும். இவருக்கு, உடைந்த குரலே ஒரு உறவாகிவிட்டது. நம் வீட்டு ஆளுக்குத் தொண்டை கட்டினால் அவர் பேச்சை இன்னும் கிட்டே போய்க் கேட்போம் இல்லையா, அந்த மாதிரி.

ரேடியோவை இங்கே விட்டுவிட முடியாது. 1952-ல் மத்திய ஒலிபரப்பு அமைச்சராக வந்த பி.வி. கேஸ்கருக்கு சினிமாப் பாட்டு என்றால் ஆகாது. அகில இந்திய வானொலியில் அதை வெட்டிச் சுருக்கினார். கேட்கிறவர்கள் கையை மடக்கிக்கொண்டு உட்காரவில்லை, முள்ளைத் திருகி இலங்கை வானொலிக்குப் போய்விட்டார்கள். தென்மாவட்டங்களில் அது சென்னை நிலையத்தைவிடத் தெளிவாகக் கேட்டது. கடைசியில் 1957-ல் விவித் பாரதியைத் தொடங்க வேண்டி வந்தது. அதற்குள் கொழும்பிலிருந்து பேசியவர்களின் தமிழ் இங்கே பழகிவிட்டது. மயில்வாகனம், பின்னாளில் கே.எஸ். ராஜா, பி.எச். அப்துல் ஹமீது என்று பெயர் சொன்னால் இன்றும் எங்கள் வயதுக்காரர்கள் முகம் மலரும். பாட்டு தமிழ்நாட்டில் செய்தது, அதை அழகான தமிழில் அறிமுகம் செய்த குரல் ஈழத்தினுடையது. ஞாயிற்றுக்கிழமை ஒலிச்சித்திரம் என்று முழுப்படத்தின் சத்தத்தை மட்டும் சுருக்கிப் போடுவார்கள். இருட்டில் உட்கார்ந்து கேட்ட படங்களை, பிற்பாடு டிவியில் பார்த்தபோது ஏமாற்றமாக இருந்தது எனக்கு. நான் மனசில் எடுத்து வைத்திருந்த படம் இன்னும் நன்றாக இருந்தது.

குரல் இப்படி ஊறிப்போனதில் சரித்திரமும் கொஞ்சம் நனைந்துவிட்டது. வீரபாண்டிய கட்டபொம்மன் ஜாக்சன் துரையிடம் வரி, வட்டி, கிஸ்தி என்று பொரிந்து தள்ளியதாகத் தமிழ்நாட்டுப் பிள்ளைகள் எல்லோருக்கும் தெரியும். மாறுவேடப் போட்டியில் மீசை வரைந்துகொண்டு நிற்கும் குழந்தையைக் கேளுங்கள், சொல்லும். அது சக்தி கிருஷ்ணசாமி, சிவாஜி நாடக மன்றத்துக்காக எழுதிய வசனம். 1959-ல் படமானது. 1798-ல் ராமநாதபுரத்தில் இருவரும் சந்தித்தது உண்மை, 1799 அக்டோபர் 16 அன்று கயத்தாற்றில் தூக்கிலிட்டதும் உண்மை. நடுவில் பேசிய தமிழ் மட்டும் சினிமாவுடையது. கட்டபொம்மன் வீட்டில் பேசியதே தெலுங்கு என்பதை இந்த இடத்தில் சொன்னால் சிலர் சண்டைக்கு வருவார்கள். வரட்டும். நக்கீரர் கதையும் அப்படித்தான். நூற்றாண்டுகளாகச் சொல்லி வந்த கதை, ஆனால் 1965-க்குப் பிறகு அது 'திருவிளையாடல்' படத்து நாகேஷின் புலம்பலும், இயக்குநர் ஏ.பி. நாகராஜனே நடித்த நக்கீரரின் விறைப்பும்தான். கோயில் திருவிழாவில் தேவாரம் போட்ட அதே குழாயில் அந்த வசனமும் ஓடியது. சாமி கோபித்ததாகத் தெரியவில்லை.

மேடைத் தமிழ் சலித்த இடத்தில் பேச்சுத் தமிழ் வந்தது. இதை ஒரு பெரிய சமூக மாற்றமாக நாம் எண்ணுவதில்லை, எண்ண வேண்டும். 1958-ல் 'சபாஷ் மீனா'வில் சந்திரபாபு பேசிய மெட்ராஸ் பாஷை, 1977-ல் 'பதினாறு வயதினிலே' கொண்டுவந்த கிராமத்துப் பேச்சு, அப்புறம் கவுண்டமணியின் கோவைத் தமிழ், வடிவேலுவின் மதுரைத் தமிழ். பஸ்ஸேறி நாகர்கோவில் தாண்டாதவருக்கும் பொள்ளாச்சிக்காரர் எப்படி நக்கலடிப்பார் என்று தெரிந்தது. அதுவரை வட்டாரப் பேச்சு என்றால் பட்டிக்காடு. சினிமாவில் கைதட்டல் வாங்கியதும் அதற்கு ஒரு மரியாதை வந்தது. ஒரு குறை உண்டு. யாழ்ப்பாணத்தில் இருப்பவர் நம் படங்களைப் பார்த்துப் பார்த்து நம் பேச்சை நன்றாகவே புரிந்துகொள்வார். அவர் பேச்சு நமக்குப் புரியாது. நம் காதில் இருப்பது 2000-ல் வந்த 'தெனாலி'யில் கமல்ஹாசன் பேசிய ஈழத்தமிழ்தான். போக்குவரத்து ஒருவழிப் பாதையாகவே இருந்துவிட்டது.

இந்த வட்டாரக் குரல்கள்தான் பிறகு பழமொழிகளாயின. என் பாட்டி எதற்கெடுத்தாலும் ஒரு பழமொழி வைத்திருப்பாள். அந்த இடத்தில் இன்று வடிவேலு இருக்கிறார். காகிதத்தில் வெட்டிய ஏரியைத் தேடிப் போன நிருபர், கிணத்தைக் காணோம் என்று தலைப்பு வைக்கிறார். ரவுடி என்று தன்னையே சொல்லிக்கொண்டு போலீஸ் வேனில் ஏறத் துடிக்கும் ஆளைத் தினமும் அரசியலில் பார்க்கிறோம். அரசியல்ல இதெல்லாம் சாதாரணமப்பா என்று 1992-ல் 'சூரியன்' படத்தில் கவுண்டமணி சொன்னது, கட்சி தாவுகிற ஒவ்வொருவருக்கும் இன்று இலவசமாகக் கிடைக்கிறது. பழமொழி செய்த வேலையே இது. நேராகச் சொன்னால் வம்பு வரும் இடத்தில், ஊருக்கே தெரிந்த ஒரு வரியைச் சொல்லிவிட்டு நகர்ந்துகொள்வது. ஒரு வித்தியாசம் உண்டு. பழமொழியை யார் முதலில் சொன்னார் என்று தெரியாது. இதில் ஆளின் முகமும் இழுவையும் இருமலும் சேர்ந்தே வருகிறது.

2019 மே மாதக் கடைசியில் இது உலகத்துக்கே தெரிந்தது. பாகிஸ்தானிலிருந்து நடக்கும் ஒரு கட்டுமானப் பொறியியல் ஃபேஸ்புக் பக்கம், சுத்தியல் படத்தைப் போட்டு உங்கள் ஊரில் இதற்கு என்ன பெயர் என்று கேட்டது. ஒரு தமிழர், இதன் பெயர் சுத்தியல், ஜமீன் பங்களாவில் வேலை செய்தபோது இது விழுந்துதான் கான்டிராக்டர் நேசமணி மண்டை உடைந்தது என்று பதில் போட்டார். 2001-ல் வந்த 'ஃப்ரெண்ட்ஸ்' படத்துக் காட்சி அது. இன்னொருவர், இப்போது எப்படி இருக்கிறார் என்று விசாரித்தார். அவ்வளவுதான். நேசமணிக்காகப் பிரார்த்தனை செய்யுங்கள் என்ற வரி ட்விட்டரில் உலக அளவில் மேலே போய் நின்றது. டில்லியில் மோடி இரண்டாம் முறை பதவியேற்ற நாளில் தமிழ் இணையம் ஒரு கற்பனை மேஸ்திரியின் தலைக்காயத்தைப் பற்றிக் கவலைப்பட்டுக்கொண்டிருந்தது. வடநாட்டு டிவிக்காரர்கள் நேசமணி யார் என்று விசாரித்தார்கள். அந்தச் சிரிப்பில் கொஞ்சம் அரசியலும் இருந்தது என்றுதான் எனக்குப் படுகிறது.

இதே காது விஷத்தையும் வாங்கியிருக்கிறது. கறுப்பு, குண்டு, வழுக்கை, திக்குவாய் என்று ஆளை உருவத்தை வைத்துக் கூப்பிடும் வழக்கம் சினிமாவுக்கு முன்பே உண்டு. ஆனால் அதற்கு நூறு புதுச் சொற்களைத் தந்து, தினமும் நகைச்சுவைச் சேனலில் திரும்பத் திரும்பப் போட்டு, சொல்வதற்கு லைசென்ஸ் கொடுத்தது சினிமாதான். பள்ளிக்கூடத்தில் அந்தப் பெயரை வாங்கிய பிள்ளைக்குத்தான் அதன் எடை தெரியும். பெண் விஷயத்தில் இன்னும் மோசம். வேண்டாம் என்று சொன்ன பெண்ணின் பின்னால் விடாமல் அலைவதற்குக் காதல் என்று பெயர் வைத்தது, மறுத்தவளைத் திட்டுவதற்கு மெட்டுப் போட்டது. 2011-ல் காதலில் தோற்றவனுக்குச் சூப் பாய் என்று ஒரு சொல்லே பிறந்தது. 2016-ல் நுங்கம்பாக்கம் ரயில் நிலையத்தில் ஒரு இளம்பெண் கொல்லப்பட்ட பிறகு, சினிமாவுக்கு இதில் பங்கு உண்டா என்ற கேள்வி பெரிதாக எழுந்தது. படம் பார்த்துக் கொலை செய்தான் என்று ஒரு கொலைக்கும் நேர்க்கோடு போட முடியாது. ஆனால் பின்தொடர்கிறவனுக்குத் தன் செய்கையைச் சொல்லிக்கொள்ள ஒரு மொழி வேண்டும். அந்த மொழி தயாராகவே இருந்தது.

படம் எடுத்தவர் நினைத்தது ஒன்று, கேட்டவர் எடுத்துக்கொண்டது ஒன்று என்பதற்கு 'தேவர் மகன்' நல்ல உதாரணம். 1992-ல் வந்தது. அரிவாளைக் கீழே போடச் சொல்லும் கதை. ஆனால் படத்திலிருந்து வெளியே வந்து ஊர் ஊராக முழங்கியது அந்தச் சொல் அல்ல, போற்றிப் பாடச் சொல்லும் பாட்டு. அது ஒரு சாதியின் விழாப் பாட்டாக மாறி, வேறு தெருக்களில் பயத்தோடு கேட்கும் பாட்டாகவும் ஆனது. அந்தப் பயத்தைக் கேட்டு வளர்ந்த மாரி செல்வராஜ், அதில் வடிவேலு நடித்த இசக்கிதான் தன் மாமன்னன் என்று வெளிப்படையாகவே சொல்லி, 2023-ல் 'மாமன்னன்' எடுத்தார். அதே வடிவேலு, இந்த முறை ஒடுக்கப்பட்ட சாதியிலிருந்து வந்த ஒரு எம்.எல்.ஏ.

முப்பது வருஷம் கழித்துக் கணக்குத் தீர்ந்தது என்று நினைத்தால், இல்லை. ஜூலையில் படம் ஓடிடிக்கு வந்ததும் ஃபகத் ஃபாசில் நடித்த சாதிவெறி பிடித்த ரத்தினவேலுவை வெட்டி எடுத்து, கீழே தங்கள் தங்கள் சாதிப் பாட்டை ஒட்டி, நாயகனாக்கிச் சுற்றுக்கு விட்டார்கள். ஒரு சாதி மட்டும் அல்ல, பல சாதிக்காரர்கள் ஆளுக்கொரு பாட்டைப் போட்டார்கள். முகம் ஒன்றுதான். சத்தத்தை மாற்றியதும் வில்லன் தலைவனாகிவிட்டான். அந்த வாரம் ஒரே போனில் மூன்றையும் பார்த்தேன். ரத்தினவேலு மீசையை முறுக்கும் வீடியோ, அதற்குப் பதிலாக யாரோ அனுப்பிய கான்டிராக்டர் நேசமணி ஸ்டிக்கர், அப்புறம் ஒரு நண்பரின் ஸ்டேட்டஸில் வடிவேலு சிரிப்பே இல்லாமல் தன் சொந்தக் குரலில் பாடிய 'ராசாக்கண்ணு'.